அந்த வலது கணுக்கால்

2017 நவம்பர் 9. ஒசாகாவில் என்எச்கே டிராஃபி ஐஸ் ஸ்கேட்டிங் போட்டி தொடங்க ஒரே ஒரு நாள். பயிற்சியில் நான்கு சுற்று லட்ஸ் தாவலுக்கு எழும்பினார் என் யூசுரு ஹன்யு. காற்றிலேயே உடல் சாய்ந்துவிட்டது. இறங்கிய வேகத்தில் வலது கணுக்கால் மடங்கியது. அந்தக் காணொளியை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். இரண்டாம் முறை பார்க்க இன்றுவரை மனம் துணியவில்லை.

தசைநார் காயம் என்றார்கள். என்எச்கே டிராஃபி போனது. கிராண்ட் பிரீ இறுதி போனது. டிசம்பரில் ஜப்பான் தேசியப் போட்டியும் போனது. பிப்ரவரியில் பியோங்சாங் ஒலிம்பிக்ஸ்! எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐஸ் ஸ்கேட்டிங் பார்ப்பவர்களுக்குத் தெரியும், வலது கால் என்றால் அவருக்கு என்ன என்று. எந்தத் தாவலானாலும் அவர் வந்து இறங்குவது அந்த ஒற்றைக் காலில்தான். லட்ஸுக்குப் பனியைக் குத்தி எழும்புவதும் அதே கால். லூப் தாவலில் முழு உந்துதலும் அதிலிருந்துதான். அப்படிப்பட்ட காலில் அடி என்றால் பாடகருக்குத் தொண்டை போன மாதிரி.

ஆனாலும் நான் நம்பினேன். 2011 மார்ச் 11 பூகம்பத்தின்போது சென்டாயில் பயிற்சி செய்துகொண்டிருந்த பிள்ளை அவர். ஸ்கேட்டைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடி உயிர் தப்பியவர். 2014-ல் ஷாங்காயில் சக வீரரோடு மோதி, தலையில் கட்டோடு திரும்பி வந்து, ஐந்து முறை விழுந்தும் வெள்ளி வாங்கியவர். (அன்று அவர் ஆடியிருக்கக் கூடாது என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆடியபோது அழுதுகொண்டே பார்த்தேன் என்பதும் உண்மை.)

அடிபட்ட நாளிலிருந்து சரியாக 99-ஆம் நாள், பிப்ரவரி 16. இடையில் ஒரு போட்டிகூட இல்லை. பியோங்சாங் ஒலிம்பிக்ஸின் காங்னுங் அரங்கில், குறு ஆட்டத்துக்கான ஷோபானின் பியானோ தொடங்கியது. முதல் தாவல் நான்கு சுற்று சால்கோ. இறங்கினார் பாருங்கள், இறகு விழுந்ததுபோல! அடுத்து டிரிப்பிள் ஆக்சல். பிறகு நான்கு சுற்று டோ லூப், அதோடு ஒட்டி மூன்று சுற்று. ஒன்றிலும் பிசிறில்லை. 111.68 புள்ளிகள். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, நீள ஆட்டம் 'செய்மெய்'. நான்கு சுற்று லட்ஸும் இல்லை, நான்கு சுற்று லூப்பும் இல்லை. சால்கோவையும் டோ லூப்பையும் வைத்தே தங்கம் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். என்ன தெளிவு! முதல் பாதி பளிங்கு. இரண்டாம் பாதியில் கால் தளர்வது தெரிந்தது. ஒரு நான்கு சுற்று டோ லூப்பில் தடுமாறினார். கடைசி லட்ஸ், மூன்று சுற்றுதான், இறங்கும்போது உடம்பு சாய்ந்தேபோனது. விழவில்லை! அந்தக் காயம்பட்ட காலையே ஊன்றி, பிடிவாதமாக நிமிர்ந்தாரே, அந்த ஒரு நொடிக்காகவே அவரை ஆயுள் முழுக்கக் கொண்டாடுவேன். எத்தனையோ பேர் சுத்தமாக ஆடியிருக்கிறார்கள். இப்படி ஒரு நிமிர்தலை நான் பார்த்ததில்லை.

இசை நின்றது. பனி முழுக்க ரசிகர்கள் வீசிய வின்னி த பூ பொம்மைகள் மழையாகக் கொட்டின. அவரோ குனிந்து, இரு கைகளாலும் தன் வலது கணுக்காலைத் தொட்டார். தாங்கிய காலுக்கு நன்றி. எனக்குக் கண் மறைத்துவிட்டது.

மொத்தம் 317.85, தங்கம். சக ஜப்பானியர் ஷோமா உனோ வெள்ளி, ஸ்பெயினின் ஹாவியர் பெர்னாண்டஸ் வெண்கலம். அவருக்கு இது தொடர்ந்து இரண்டாவது ஒலிம்பிக் தங்கம். ஆண்கள் பிரிவில் அடுத்தடுத்து இரண்டு என்பது, 1948-லும் 1952-லும் வென்ற டிக் பட்டனுக்குப் பிறகு 66 ஆண்டுகளாக எவருக்கும் வாய்க்காதது.

அந்த நாலரை நிமிடத்தை இன்னும் பார்க்காதவர்கள் இன்றே பாருங்கள். இசை முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். அவர் குனிந்து அந்தக் காலைத் தொடும்வரை இருங்கள்.