தொட்டியின் அடியில் ஒரு மீன்

1970இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்’ என்ற குழந்தைகள் தொடரின் ஒரு நிகழ்ச்சி. வழக்கம்போல வீட்டுக்குள் வந்த ஃப்ரெட் ரோஜர்ஸ், மீன்களுக்குத் தீனி போடப் போகிறார். தொட்டியின் அடியில் ஒரு மீன் அசையாமல் கிடக்கிறது. அவர் பதறவில்லை, பேச்சை மாற்றவும் இல்லை. சின்ன வலையால் அதை எடுக்கிறார். நோயுற்ற மீனுக்கு உப்புத் தண்ணீர் சில சமயம் உயிர் கொடுக்கும் என்று கேள்விப்பட்டதாகச் சொல்லி, இன்னொரு பாத்திரத்தில் உப்பைக் கரைத்து அதில் விட்டுப் பார்க்கிறார். காத்திருக்கிறார். நாமும் காத்திருக்கிறோம். ஒன்றும் நடக்கவில்லை. மீனைக் காகிதத் துண்டில் பொதிந்து, தோட்டத்தில் குழி தோண்டிப் புதைக்கிறார். பிறகு தன் சிறுவயதில் செத்துப்போன மிட்ஸி என்ற நாயைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். தான் அழுததையும், பாட்டி தேற்றியதையும், புதைக்க வேண்டும் என்று அப்பா சொன்னபோது மனம் ஒப்பாததையும் சொல்கிறார்.

பெரியவர்கள் பலரும் இந்த இடத்தில் ‘சாமிகிட்ட போயிடுச்சு’ என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வார்கள். ரோஜர்ஸ் 1963இல் குருப்பட்டம் பெற்ற பிரெஸ்பிட்டீரியன் போதகர். அப்படிச் சொல்ல யாரையும்விட அவருக்குத்தான் அதிக உரிமை. ஆனால் துக்கத்தைத் துக்கமாகவே இருக்கவிட்டார். பள்ளிக்கே போகாத ஒரு குழந்தை அதைத் தாங்கும் என்று நம்பினார்.

அவருடைய மேன்மையை நான் இந்தக் காட்சியில்தான் தேடுவேன். 2003இல் அவர் இறந்தபின் அமெரிக்கா அவரைப் புனிதராக்கிவிட்டது. அம்மா பின்னிக்கொடுத்த சிவப்பு ஸ்வெட்டர் முன்பே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தது. 2018இல் மார்கன் நெவில் எடுத்த ஆவணப்படமும், 2019இல் டாம் ஹாங்க்ஸ் நடித்த திரைப்படமும் ‘இப்படியும் ஒரு நல்ல மனிதரா’ என்ற வியப்பை உலகெங்கும் கொண்டுபோயின. நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு நான்கு வயதுக் குழந்தையிடம் பேசத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? குணத்தைப் புகழ்ந்து வேலையைப் பார்க்காமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அந்த வேலை எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகவே தெரிகிறது. பென்சில்வேனியாவின் லட்ரோப் நகரில் 1928இல், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இசையில் பட்டம் பெற்று, நியூயார்க்கில் என்பிசி தொலைக்காட்சியில் சிலகாலம் இருந்துவிட்டு, 1953இல் பிட்ஸ்பர்க்கின் டபிள்யூக்யூஇடி நிலையத்துக்கு வந்தார். அங்கே ‘தி சில்ட்ரன்ஸ் கார்னர்’ நிகழ்ச்சியில் அவர் முகமே தெரியாது. கைப்பொம்மைகளை ஆட்டி, திரைக்குப் பின்னால் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடுவார். ஓசை கேட்காதிருக்கத்தான் கான்வாஸ் ஷூ போட்டார். பிற்காலத்தில் அதுவே அவருடைய அடையாளமானது. வேலைக்கு நடுவே இறையியல் படித்தார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் குழந்தை உளவியலாளர் மார்கரெட் மெக்ஃபார்லண்டிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டார். ‘மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்’ 1968 பிப்ரவரி 19 அன்று நாடெங்கும் ஒளிபரப்பாகத் தொடங்கியது. கடைசிப் புது நிகழ்ச்சி வந்தது 2001 ஆகஸ்ட் 31 அன்று. மொத்தம் ஏறத்தாழ 900.

முதலில் அவருடைய மொழி. எழுதிய வசனத்தை அவர் எத்தனை முறை அடித்துத் திருத்துவார் என்பதைக் கண்டு, உடன் பணியாற்றிய இரண்டு எழுத்தாளர்கள் அந்த மொழிக்கு ‘ஃப்ரெடிஷ்’ என்றே பெயர் வைத்தார்கள். மருத்துவமனைக் காட்சி ஒன்றில், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையில் காற்றடிக்கப்போவதாக ஒரு செவிலியர் சொல்கிறார். அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லுக்கு ‘வெடிக்க வைப்பது’ என்றும் பொருள் உண்டு. கையில் கட்டிய பட்டை வெடிக்கப்போகிறது என்று ஏதாவது ஒரு குழந்தை பயந்துவிட்டால் அடுத்து வரும் எதுவும் அதன் காதில் விழாது என்று, அந்த ஒரு சொல்லை ரோஜர்ஸ் மாற்றிப் பேச வைத்தார். குளியல் தொட்டியின் துளை வழியே தண்ணீரோடு தானும் போய்விடுவோமோ என்பது சின்னக் குழந்தைகளின் உண்மையான பயம். அதைப் பார்த்துச் சிரிக்காமல், அப்படிப் போக முடியாது என்று விளக்க ஒரு பாட்டே எழுதினார். பார்வையற்ற ஒரு சிறுமி, மீன்களுக்கு அவர் தீனி போட்டாரா இல்லையா என்று தெரியாமல் கவலைப்படுவதாகக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து தீனி போடும்போதெல்லாம் வாய்விட்டுச் சொன்னார். கவிஞர்கள் ஒரு சொல்லுக்குத் தவமிருப்பார்கள் என்போம். இவர் குழந்தைக்காக அதைச் செய்தார்.

அடுத்தது, மெய்யையும் கற்பனையையும் அவர் பிரித்துவைத்த விதம். சின்ன டிராம் வண்டி சுவரின் துளை வழியே கற்பனை ஊருக்குப் போகும். அங்கே அரசர் உண்டு, டேனியல் என்ற கூச்ச சுபாவமுள்ள புலி உண்டு. ரோஜர்ஸ் மட்டும் கிடையாது. பொம்மைகளுக்குப் பெரும்பாலும் குரல் கொடுத்தவர் அவரே. ஆனாலும் தன் முகத்தோடு அந்த ஊருக்குள் நுழையவில்லை. எது நிஜம், எது விளையாட்டு என்ற கோடு குழந்தைக்குக் குழம்பக் கூடாது என்பது அவர் கணக்கு. இந்தக் கட்டுப்பாடு இருந்ததால்தான் 1968 ஜூனில், ராபர்ட் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட சில நாட்களில், படுகொலை என்றால் என்ன என்று டேனியலைக் கேட்க வைக்க முடிந்தது. பெரியவர்களின் செய்தியில் காதில் விழுந்து நெஞ்சில் தங்கிவிட்ட சொல்லைக் குழந்தையின் சார்பில் ஒரு புலிப் பொம்மை கேட்டது.

இனி அவர்மீது வைக்கப்படும் குறைகள். ஒவ்வொரு பிள்ளையையும் ‘நீ தனிச்சிறப்பானவன்’ என்று சொல்லிச் சொல்லி, உழைக்காமலே பாராட்டை எதிர்பார்க்கும் தலைமுறையை உருவாக்கிவிட்டார் என்பது பரவலான குற்றச்சாட்டு. நிகழ்ச்சிகளை உட்கார்ந்து பார்த்த யாரும் இதை ஏற்க மாட்டார்கள். கோபம் பற்றிய அவர் பாட்டின் பொருளே, அடிக்க ஓங்கிய கையை நிறுத்திக்கொள்ள முடிவதில் வரும் பெருமைதான். அது செல்லம் அல்ல, கண்டிப்பு. லினெட் ஃப்ரீட்ரிக், ஆலிதா ஸ்டைன் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், சில வாரங்கள் இந்த நிகழ்ச்சியைப் பார்த்த மழலையர், எடுத்த வேலையில் நிலைத்திருப்பதிலும் விதிகளுக்கு இணங்குவதிலும் மேம்பட்டார்கள். சில வாரச் சோதனையைக் கொண்டு ஒரு தலைமுறையை அளக்க முடியாது. ஆனால் குற்றச்சாட்டுக்குப் பின்னால் அந்த அளவு சான்றுகூட இல்லை.

மிகைப்படுத்திய புகழையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். 1969 மே 1 அன்று செனட் துணைக்குழுவின் முன் ஆறு நிமிடம் பேசி, பொது ஒளிபரப்புக்கான 2 கோடி டாலரை ரோஜர்ஸ் தனியாளாக மீட்டார் என்று கதை சொல்கிறார்கள். பேச்சு அருமையானது, கேட்டால் இன்றும் மெய்சிலிர்க்கும். ஆனால் எதிரே இருந்த தலைவர் ஜான் பாஸ்டோர் பொது ஒளிபரப்புக்குப் பகைவர் அல்லர். 1967ஆம் ஆண்டின் பொது ஒளிபரப்புச் சட்டத்தை ஆராய்ந்ததே அவர் தலைமையிலான துணைக்குழுதான். திறந்திருந்த கதவை அழகாகத் தட்டினார் ரோஜர்ஸ். அதுவே போதுமான பெருமை.

கனமான குறை ஒன்றுதான். அது ஃபிரான்ஸுவா கிளெமன்ஸ் பற்றியது. அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் தொடர்ந்து இடம்பெற்ற முதல் கறுப்பின முகங்களில் ஒன்று அவருடையது. பாடகர், நிகழ்ச்சியில் போலீஸ்காரர் வேடம். 1969 மே மாத நிகழ்ச்சி ஒன்றில், வெயிலுக்கு இதமாகப் பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் கால் வைத்திருக்கும் ரோஜர்ஸ் அவரையும் அழைக்கிறார். துண்டு இல்லை என்கிறார் கிளெமன்ஸ். என் துண்டு இருக்கிறதே என்கிறார் ரோஜர்ஸ். வெள்ளைக் கால்களும் கறுப்புக் கால்களும் ஒரே தண்ணீரில். ஐந்தே ஆண்டுகளுக்கு முன், ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் கறுப்பினத்தவர் இறங்கிப் போராடிய நீச்சல் குளத்தில் விடுதி மேலாளர் அமிலம் ஊற்றியிருந்தார். வெளியே நாடு கொதித்த விஷயத்தை, ஒரு துண்டையும் கொஞ்சம் தண்ணீரையும் வைத்துக் குழந்தைக்குப் புரியவைத்தார்.

அதே கிளெமன்ஸ் தன்பால் ஈர்ப்பு உள்ளவர். அத்தகையோர் கூடும் மதுவிடுதிக்கு அவர் போனது தெரியவந்ததும், நிகழ்ச்சியில் நீடிக்க வேண்டுமானால் அதை வெளியே காட்டக் கூடாது என்று ரோஜர்ஸ் சொன்னார். ஒரு பெண்ணை மணப்பது பற்றியும் யோசிக்கச் சொன்னார். கிளெமன்ஸ் மணந்தார், அந்த மணம் நிலைக்கவில்லை. 2020இல் வந்த தன் நூலில் அவர் இவற்றையெல்லாம் எழுதியிருக்கிறார். ரோஜர்ஸைத் தகப்பனைப்போல நேசித்ததையும் எழுதியிருக்கிறார்.

காலம் அப்படி, நிதி தருபவர்கள் விலகியிருப்பார்கள், நிகழ்ச்சியே நின்றிருக்கும் என்று வாதாடலாம். நானும் அப்படி வாதாடிப் பார்த்தேன். அச்சம் நியாயமானதுதான். ஆனால் ரோஜர்ஸின் படைப்பு முழுவதும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது: உன்னை நேசிக்க நீ வேறொருவராக மாற வேண்டியதில்லை. தன் பக்கத்திலேயே நின்ற ஒருவரிடம் அவர் மாறச் சொன்னார். அவர் வகுத்த அளவுகோலாலேயே இது தவறு. கிளெமன்ஸ் மன்னித்துவிட்டார் என்பதால் அந்த விலை இல்லை என்றாகிவிடாது. விலையைக் கொடுத்தவர் அவர்தானே. 1993இல் தன் கடைசிப் பங்கேற்பில் கிளெமன்ஸ் மீண்டும் ரோஜர்ஸோடு அந்தத் தண்ணீரில் கால் நனைத்தார். பார்க்கும்போது கண் கலங்குகிறது. ஆனாலும் வாயால் சொல்லாத ஒன்றை அந்தக் காட்சி சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை.

என் முடிவு இது. தொலைக்காட்சியில் குழந்தையிடம் பேசிய கலைஞர்களில் ரோஜர்ஸுக்கு இணையாக எனக்கு இன்னொருவரைத் தெரியாது. சொல்லைத் தேர்ந்ததிலும், நேரத்தைச் செலவிட்டதிலும், பயத்தை மதித்ததிலும் அவர் முதல்வர். அவர் கட்டிய அக்கம்பக்கம் மட்டும், அதில் வாழ்ந்த எல்லாருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. முதலாவதைச் சொல்ல இரண்டாவதை மறைக்க வேண்டியதில்லை.

அவரைப் பற்றிய திரைப்படத்தைப் பார்க்கும் முன், அந்த மீன் நிகழ்ச்சியைத் தேடிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு குழந்தை இருந்தால் நல்லது. உப்புத் தண்ணீரில் மீனை விட்டுவிட்டு அவர் பேசாமல் காத்திருக்கும்போது, நீங்களும் எதுவும் பேசாதீர்கள். குழந்தை கேட்கும்.