கொன்றவன் கணக்கு

'ஷோலே' வெளிவந்து ஐம்பது ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 2025 முழுக்க ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருந்தது. இந்திய வெஸ்டர்ன் ராமநகரத்துப் பாறைகளில் பிறந்தது, கோலாரில் 'கேஜிஎஃப்' வந்து அதை வயசுக்குக் கொண்டுவந்தது என்று. பெங்களூருக்கு மேற்கே ஐம்பது கிலோமீட்டர், கிழக்கே நூறு. வரைபடத்தில் கோடு அழகாக விழுகிறது. இரண்டுக்கும் நடுவில் கன்னட சினிமாவில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை என்பது அந்தப் பேச்சு சொல்லாமல் சொல்லும் செய்தி. சாண்டல்வுட்டை உலகம் கண்டுகொண்டதே 2018 டிசம்பரில்தான் என்று கன்னடக்காரர்களே பெருமையோடு ஒப்புக்கொள்வதுதான் இதில் வேடிக்கை.

எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. குதிரை, பாறை, தொப்பி இவற்றால் வெஸ்டர்ன் பெரிதாகவில்லை. கொன்றவனுக்கு அப்புறம் என்ன ஆகிறது என்ற ஒரே கேள்வியை விடாமல் கேட்டதால் பெரிதானது. அந்தக் கேள்வியை இந்தியாவில் அதிக காலம், அதிகப் பிடிவாதத்தோடு கேட்டுக்கொண்டிருந்தது கன்னட சினிமா. அதைக் கைவிட்ட இடம்தான் 'கேஜிஎஃப்'.

ஹாலிவுட் பகுதியை விரைந்து கடந்துவிடலாம், வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 1950இல் 'தி கன்ஃபைட்டர்' படத்தில் கிரிகரி பெக், புகழ்பெற்ற துப்பாக்கிக்காரனாக இருப்பதே தண்டனை என்று காட்டிவிட்டார். 'ஷேன்' (1953) ஊரைக் காப்பாற்றியவனுக்கு ஊரில் இடமில்லை என்றது. 'தி சர்ச்சர்ஸ்' (1956) கடைசிக் காட்சியில் ஜான் வெய்னை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியது. அதை எடுத்த ஜான் ஃபோர்டே 1962இல் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' எடுத்து, சட்டத்தின் ஆட்சிக்கு அடியில் ஒளிந்திருந்து சுட்ட ஒரு கொலை புதைந்திருப்பதைத் தோண்டிக் காட்டினார். பெக்கின்பா அதை ரத்தத்தில் முக்கினார். 1992இல் ஈஸ்ட்வுட் 'அன்ஃபர்கிவன்' வழியாக, தான் முப்பது ஆண்டுகளாகச் சம்பாதித்த பிம்பத்துக்கு வட்டியும் முதலுமாகக் கணக்குத் தீர்த்தார். கழிப்பறையில் உட்கார்ந்திருப்பவனைச் சுட்டுவிட்டு வந்து, மரத்தடியில் குடித்துக்கொண்டே உடைந்து அழும் அந்தக் கிட்டப்பார்வைப் பையனைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொன்ன கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் 1972இல் இயக்குநர் கர்ணன் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று குதிரைகளை ஓடவிட்டார். ஜெய்சங்கர் தொப்பி போட்டார். அந்தப் படங்களை ரசிக்கலாம், நானும் ரசிப்பவன்தான். ஆனால் அவற்றில் செத்தவர்கள் செத்தார்கள், அவ்வளவே.

இனி ராமநகரம். ரமேஷ் சிப்பி 1973 அக்டோபரில் அங்கே படப்பிடிப்பைத் தொடங்கினார். ராம் யேடேகர் பாறைகளுக்கடியில் ஒரு கிராமத்தையே கட்டினார். படம் வெளிவந்தது 1975 ஆகஸ்ட் 15. அவசரநிலை அறிவிக்கப்பட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. முதலில் எடுத்த முடிவில், கைகளற்ற தாக்கூர் ஆணி பதித்த செருப்பால் கப்பர் சிங்கைக் கொன்றுவிடுகிறார். முன்னாள் காவல் அதிகாரி சட்டத்தைக் கையில் எடுப்பதா என்று தணிக்கை மறுத்தது. மாற்றி எடுத்த முடிவில் கடைசி நொடியில் போலீஸ் வந்து நிற்கிறது. ஐம்பது ஆண்டுகள் நாம் பார்த்தது அதைத்தான்.

2025இல் மீட்டெடுக்கப்பட்ட பிரதி வந்தபோது எல்லோரும் அந்தக் கொலையைப் பற்றியே பேசினார்கள். கொலைக்கு அடுத்த நிமிடத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. கப்பர் செத்ததும் தாக்கூர் அழுகிறார். வீரு வந்து அணைத்துக்கொள்கிறான். பழிவாங்கி முடித்த கிழவனிடம் மிச்சம் எதுவுமில்லை, போர்வைக்குள் கைகளும் இல்லை. தாக்கூராக நடித்த சஞ்சீவ் குமார் அதற்கு முன் படம் முழுக்க முகத்தை இறுக்கி வைத்திருந்தது அந்த அழுகைக்காகத்தான். தணிக்கை என்ன செய்தது பாருங்கள். கப்பரின் கைகளை மிதித்து நசுக்கும் பகுதியை விட்டுவைத்தது, அழுகையை வெட்டிவிட்டது. கொடுமையின் சுகம் ரசிகனுக்கு, விலைச்சீட்டு குப்பைக்கு. வன்முறையைக் குறைப்பதாக நினைத்து அதை இலவசமாக்கிய அரசு உத்தரவு அது. (நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இமாமின் மகன் அகமது கொல்லப்படும் காட்சியும் போனது. கப்பர் கையில் ஊரும் எறும்பை நசுக்குகிறான், அடுத்து குதிரைமேல் பிணம் வருகிறது. அந்த வெட்டில் படம் மேலும் கூர்மையாகிவிட்டது.)

ஆகவே நம் தலைமுறைகளுக்குக் கிடைத்த 'ஷோலே' பாதி வெஸ்டர்ன்தான். மறுபாதியை வேறு ஒருவர், அதே ஆண்டுகளில், அதே மாநிலத்தில் எடுத்துக்கொண்டிருந்தார்.

கிரீஷ் கார்னாடை நாடகாசிரியராக மட்டும் கொண்டாடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஸ்ரீகிருஷ்ண ஆலனஹள்ளியின் நாவலை வைத்து அவர் எடுத்த 'காடு' (1973) ஒரு சிறுவனின் கண் வழியாகச் சொல்லப்பட்ட ஊர்ப்பகை. சித்தப்பா வீட்டில் வளரும் கிட்டி, பெரியவர்களின் ஆத்திரம் ஒவ்வொன்றாகக் கொலைக்கு நடந்துபோவதைப் புரிந்தும் புரியாமலும் பார்க்கிறான். 'ஷேன்' படத்திலும் ஒரு சிறுவன் பார்த்துக்கொண்டிருப்பான், ஆனால் அவனுக்குக் கடைசியில் ஒரு நாயகன் மிஞ்சுகிறான். கிட்டிக்குக் காய்ச்சல்தான் மிஞ்சுகிறது. பின்னாளில் இந்தி சினிமா வில்லனாக வீணடித்த அம்ரீஷ் புரி, இதில் சந்திரே கௌடாவாக எவ்வளவு அடக்கமாக இருக்கிறார் என்பதற்காகவே படத்தைப் பார்க்கலாம். 1978இல் கார்னாட் 'ஒந்தானொந்து காலதல்லி' எடுத்தார். குரோசவாவுக்கு வெளிப்படையான வணக்கம் அது. குரோசவாவிடமிருந்து லியோனி எடுத்தது நிழலையும் நக்கலையும். கார்னாட் எடுத்தது கூலிப்படை வீரனின் அலுப்பை. ஹொய்சளர் காலத்து வாள்வீரர்கள் இருவர், சங்கர் நாகும் சுந்தர் கிருஷ்ண அர்ஸும், எதிரெதிர் எஜமானர்களுக்காகச் சண்டையிட்டு, தங்கள் கைத்திறன் யாருடைய பொட்டிக்குப் போகிறது என்று மெல்ல உணர்கிறார்கள். சங்கர் நாகின் முதல் படம். இடையில் 1974இல் சித்தலிங்கய்யாவின் 'பூதய்யன மக அய்யு' வந்து, பகையை மன்னிப்பில் கொண்டுபோய் முடித்தது. கொஞ்சம் உபதேசம்தான். ஆனால் மன்னிப்பவனுக்கும் அது எளிதாக இல்லை.

எண்பதுகளைத் தாண்டிவிடுகிறேன். 1995இல் உபேந்திராவின் 'ஓம்' வந்தபோது காடும் வாளும் போய், பெங்களூரின் சந்துகளும் லாங்கும் வந்தன. அரிவாளுக்கும் பட்டாக்கத்திக்கும் நடுவிலான அந்த நீளமான ஆயுதத்தின் பெயர், ஸ்ரீராமபுரத்துத் தமிழ்ப் பையனுக்கும் பசவனகுடி கன்னடப் பையனுக்கும் ஒரே நாளில் பழகிப்போனது. அர்ச்சகர் மகன் ரௌடியாகும் கதை. நிஜ ரௌடிகள் சிலர் தாங்களாகவே திரையில் வந்தார்கள். நூற்றுக்கணக்கான முறை மறுவெளியீடு கண்ட படம். 'ஓம்' மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நிஜ ரௌடியைத் திரையில் காட்டினால் அவன் தெருவில் இன்னும் ஒரு அடி உயர்கிறான். ஆனாலும் மகனாக நடித்த சிவராஜ்குமார் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அந்தத் தகப்பனின் முகத்தை உபேந்திரா காட்டத் தவறவில்லை. புகழையும் விலையையும் ஒரே தட்டில் வைத்த படம். எது கனமானது என்பதை ரசிகனிடம் விட்டுவிட்டார், ரசிகன் புகழைத் தூக்கிக்கொண்டு போனான்.

பத்து ஆண்டு கழித்து பிரேமின் 'ஜோகி' (2005) அந்தக் கனத்தை மறுபக்கம் தள்ளியது. ஊரிலிருந்து மகனைத் தேடி வரும் தாய், பெங்களூரில் அவன் பெரிய ரௌடி என்று அறியாமலே சாகிறாள். யாருடைய பிணம் என்று தெரியாமல் மகன் அந்தப் பாடைக்கு முன்னால் ஆடுகிறான். மெலோடிராமாதான், சந்தேகமில்லை. ஆனால் வன்முறையின் விலையை இவ்வளவு பச்சையாக நீட்டிய காட்சி வெகுஜனப் படங்களில் எனக்கு வேறு நினைவில்லை. தமிழில் தனுஷை வைத்து 'பரட்டை என்கிற அழகு சுந்தரம்' என்று மாற்றி எடுத்தார்கள், காட்சி இருந்தது, காயம் இல்லை. 2007இல் சூரியின் 'துனியா', தாய்க்கு ஒரு கல்லறை கட்டப் பணம் தேடும் கல்குவாரித் தொழிலாளியை நகரத்துக்குள் தள்ளிவிட்டது. நம் 'சுப்ரமணியபுரம்' கொண்டாடப்பட்ட அளவில் பாதியாவது 'துனியா' தமிழில் பேசப்பட்டிருக்க வேண்டும்.

அதே 2007இல்தான் 'ஆ தினகளு'. எண்பதுகளின் பெங்களூர் நிழலுலகத்தில் இருந்து வெளியே வந்து எழுத்தாளரான அக்னி ஸ்ரீதரின் நினைவுக்குறிப்புகளிலிருந்து சைதன்யா எடுத்தது. திரைக்கதையில் கார்னாட் கை உண்டு, இசை இளையராஜா. 1986இல் நடந்த கொத்வால் ராமச்சந்திராவின் கொலைதான் மையம். வெஸ்டர்ன் மரபின்படி நடுத்தெருவில் நேருக்கு நேர் நின்றிருக்க வேண்டிய மோதல். இங்கே அது சதி, காத்திருப்பு, பயம். நாயகர்கள் என்று நாம் ஒட்டிக்கொண்டவர்களின் முகங்கள் அந்த இரவுக்குப் பிறகு முன்போல இல்லை. ராஜாவும் அங்கே வெற்றிக்கு வாசிக்கவில்லை.

இந்த வரிசையில் நான் உச்சம் என்று சொல்வது ஐந்து ஆண்டு கழித்து, சுமனா கித்தூர் எடுத்த 'எதெகாரிகெ' (2012). இதுவும் ஸ்ரீதர் எழுதிய கதை. மும்பை நிழலுலகத்துத் துப்பாக்கிக்காரன் சோனாவை, அவன் ஆட்களே தீர்த்துவிட முடிவு செய்து பெங்களூர்க்காரர்களிடம் ஒப்படைக்கிறார்கள். சக்லேஷ்புரா மலைப்பக்கம் கொண்டுபோகிறார்கள். படத்தின் பெரும்பகுதி காத்திருப்பு. கொல்லப்பட வேண்டியவனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பேச வேண்டும், அவன் சிரித்தால் சிரிக்க வேண்டும். ஆதித்யாவின் சோனா தனக்கு வரப்போவதை அறிந்துகொள்ளும்போது, நடுக்கம் அவனிடமிருந்து கொல்ல வந்தவர்களுக்கு மாறிவிடுகிறது. அதுல் குல்கர்னி முகத்தில் அது ஏறுவதைக் கேமரா அவசரமில்லாமல் பார்க்கிறது. அடிதடி மிகக் குறைவு. ஒரே ஒரு உயிர் போவதற்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் படம், ஒரு உயிர் என்றால் எவ்வளவு என்று தெரிந்த படம்.

இதை எடுத்தவர் ஒரு பெண் என்பதைக் கன்னட விமர்சகர்களே ஓரக்குறிப்பாகத்தான் எழுதினார்கள். 'ஸ்லம் பாலா', 'கள்ளர சந்தெ' என்று அவர் ஏற்கெனவே இந்த உலகத்துக்குள் நடமாடியவர். கொலைத் தொழிலைப் பற்றிய படங்களில் ஆண் இயக்குநர்களுக்கு ஏற்படும் அந்த ரகசியமான சபலம், கத்தி பளபளக்கும்போது ஒரு நொடி கூடுதலாக நிற்பது, அவரிடம் இல்லை. இந்தியாவில் 'அன்ஃபர்கிவன்' பக்கத்தில் வைக்கத் தகுந்தது எது என்று என்னைக் கேட்டால் 'எதெகாரிகெ' என்பேன். 'கேஜிஎஃப்' எடுத்த பிரஷாந்த் நீலின் பெயர் தெரிந்த தமிழ் ரசிகர்களில் சுமனா கித்தூர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

சரி, 'கேஜிஎஃப்'. முதல் பாகம் 2018 டிசம்பர் 21, இரண்டாவது 2022 ஏப்ரல் 14. படத்தொகுப்பின் வேகம், கரிக்கட்டை நிறம், யஷ்ஷின் நடை எல்லாம் தேர்ந்த வேலை, மறுக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் ராக்கி இயந்திரத் துப்பாக்கியால் ஒரு காவல் நிலையத்தைச் சல்லடையாக்கிவிட்டு, பழுத்த குழலில் சிகரெட் பற்றவைக்கிறான். திரையரங்கம் எழுந்து நின்றது. அந்தச் சூட்டுக்கு அவ்வளவுதான் பயன். ராக்கியும் இழக்கிறானே, மனைவி சாகிறாளே என்பார்கள். சாகிறாள்தான். அந்தச் சாவு அடுத்த நூறு கொலைகளுக்கான அனுமதிச் சீட்டாக உடனே மாற்றப்படுகிறது. கடைசியில் அவனே தங்கத்தோடு கடலில் மூழ்குகிறான், கூடவே மூன்றாம் பாகத்துக்கான ஜாடையும் வருகிறது.

தமிழனுக்கு இதில் இன்னொரு கணக்கு உண்டு. ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் வந்த நாள் முதல், 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, கோலார் தங்கவயலின் பாதாளத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்த் தலித்துகள். பாறை வெடித்துச் செத்தவர்கள், நுரையீரலில் கல்தூசு படிந்து செத்தவர்கள். அவர்கள் யாரோ ஒரு ரட்சகனுக்காகக் காத்திருக்கவும் இல்லை. 1930இலேயே கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள். சுரங்கம் 1956இல் மைசூர் அரசின் கைக்கு வந்துவிட்டது. படத்திலோ எழுபதுகளின் இறுதியிலும் அதே மண்ணில் பெயரற்ற அடிமைகள் மும்பையிலிருந்து வரும் ஒருவனை அண்ணாந்து பார்க்கிறார்கள். கற்பனைக்கு உரிமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு பேர் உண்மையாகவே உயிரை விலையாகக் கொடுத்த ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு, எதற்கும் விலையில்லாத படத்தை எடுப்பது தனிவகைத் துணிச்சல். பா.ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) இரண்டாம் பாதியில் தடுமாறுகிறது, கனவும் வரலாறும் ஒன்றையொன்று மிதிக்கின்றன. இருந்தும் தோண்டுகிறவனுக்கு அதில் முகமும் ஊரும் சாதியும் இருக்கின்றன.

கேஜிஎஃப்புக்குப் பிறகு வேறு வழியில்லை, ரசிகன் அதைத்தான் கேட்கிறான் என்று சொல்வோருக்கு 2021 நவம்பரிலேயே மங்களூரிலிருந்து பதில் வந்துவிட்டது. ராஜ் பி.ஷெட்டியின் 'கருட கமன விருஷப வாகன'வில் சிவா கொன்றுவிட்டு மழையில் புலிவேஷ ஆட்டம் ஆடுகிறான். அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கூசுகிறது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. நண்பன் ஹரியை உயர்த்தியது அந்த வெறிதான், பிறகு ஹரிக்கே அது பயமாகிறது. கதையைச் சொல்பவர் பயத்தில் நடுங்கும் ஒரு போலீஸ் அதிகாரி, வீரர் இல்லை. நட்சத்திரமில்லாமல், சிறிய முதலீட்டில் எடுத்த இந்தப் படத்தைக் கூட்டம் கூட்டமாகத்தான் பார்த்தார்கள்.

பணம் போட்டவர்கள் அதைப் பார்க்கவில்லை. 2023 மார்ச்சில் 'கப்ஜா' வந்தது. அதே கரி நிறம், அதே பின்னணி வர்ணனை, ஒரே நொடியில் சரியும் பிணக்குவியல். நாயகன் உபேந்திரா. கடைசியில் துப்பாக்கிகளுக்கு நடுவே சிவராஜ்குமார் வந்து இறங்குகிறார், இரண்டாம் பாகம் தொடரும் என்கிறார்கள். படம் ஓடவில்லை.