விடுதலை பிறந்த இடம் எது? – ஒரு நூலாய்வு

விடுதலையைப் பற்றிய மேலைநாட்டு நூல்கள் பலவும் கிரேக்க ஞானிகளிடமிருந்தே தொடங்குவது வழக்கம். ஜமைக்காவில் பிறந்த சமூகவியல் அறிஞர் ஆர்லாண்டோ பாட்டர்சன் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மேலைப் பண்பாட்டின் உருவாக்கத்தில் சுதந்திரம்' என்னும் நூல் அவ்வழியில் செல்லவில்லை. விடுதலையின் அருமையை முதன்முதல் உணர்ந்தவன் ஞானியல்லன், அடிமையே என்பது அவர் துணிபு. அவ்வாண்டே அமெரிக்கத் தேசிய நூல் விருதைப் பெற்ற இந்நூலில், பவுலின் இறையியலுக்குச் சிறப்பிடம் தரப்பட்டுள்ளமையால் அது நம் கவனத்திற்கும் உரியதாகிறது.

ஆசிரியர் சுதந்திரத்தை மூன்று இழைகளாகப் பிரிக்கிறார். பிறருடைய கட்டாயத்திற்கு உட்படாதிருத்தல் ஒன்று. பிறரைத் தன் விருப்பப்படி ஆளும் வல்லமை மற்றொன்று. ஊராட்சியில் பங்கு பெறுதல் மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதைச் சுதந்திரம் என்று நாம் பெயரிடத் தயங்குவோம். ஆயினும் ஆண்டான் தன் சுதந்திரமென்று போற்றியது அதனையே என்று ஆசிரியர் காட்டுவது நம் மனச்சாட்சியைத் தொடுகிறது.

பவுலைப் பற்றிய பகுதியே நூலின் சிறந்த பகுதி எனலாம். உரோம உலகில் விடுவிக்கப்பட்ட அடிமை, தன்னை விடுவித்தவருக்கு மரியாதையும் பணிவிடையும் செலுத்தக் கடமைப்பட்டவன். 1 கொரிந்தியர் 7:22இல் விசுவாசி கர்த்தரால் விடுவிக்கப்பட்டவன் எனப்படுவதை இப்பின்னணியில் வாசிக்கும்போது, கலாத்தியர் 5இல் சுயாதீனமும் ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்தலும் அருகருகே நிற்பதன் காரணம் விளங்குகிறது. அடிமையாயிருந்து விடுதலை பெற்ற எபிக்டேட்டஸ் என்னும் ஸ்தோயிக்க ஞானியோ விடுதலையை உள்ளத்தின் ஆளுகைக்குள் அடக்கினார். பவுல் அதனை ஒரு சமூகத்தின் வாழ்வாகக் கண்டார்.

எனினும் நூலின் அடிப்படை முடிவை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. கிரேக்கருக்கு முற்பட்ட மேற்காசியாவுக்கு ஆசிரியர் போதிய இடம் தரவில்லை. சுமேரியரின் 'அமர்கி' என்னும் சொல் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டிலேயே கடன் நீக்கத்தையும் விடுதலையையும் குறித்தது. தாயிடம் திரும்புதல் என்பதே அதன் நேர்ப்பொருள். கி.மு. 17ஆம் நூற்றாண்டில் பாபிலோனிய மன்னன் அம்மிசதூகா வெளியிட்ட ஆணை கடன்களைத் தள்ளுபடி செய்து, கடனுக்காக அடிமைப்பட்டோரை விடுவித்தது. அங்கு வழங்கிய அக்காதியச் சொல்லுக்கு இனமானதே லேவியராகமம் 25:10இல் வரும் 'தெரோர்' என்னும் எபிரெயச் சொல்.

அவை அரசனின் தயவேயன்றி உரிமையல்ல என்று ஆசிரியர் சார்பில் மறுமொழி கூறலாம். பாபிலோனைப் பொறுத்தமட்டில் அது சரியே. ஆனால் லேவியராகமம் விடுதலையை மன்னனின் மனத்திலிருந்து எடுத்து, ஐம்பதாம் ஆண்டு என்னும் காலக்கணக்கில் நிறுத்துகிறது. இம்மாற்றம் சிறிதன்று. அதே வேளையில் அவ்வதிகாரமே அந்நியரை நிரந்தர அடிமைகளாக வைத்துக்கொள்ள இடமளிப்பதையும் நாம் மறைத்தலாகாது. எரேமியா 34இல் எருசலேமின் பெரியோர் அடிமைகளுக்கு விடுதலை அளித்துப் பின்பு அவர்களை மீண்டும் பிடித்துக்கொண்டனர். பாபிலோனியச் சேனை சற்றே விலகியிருந்தது. முற்றுகையின் அச்சத்தில் பிறந்த விடுதலை அச்சம் தணிந்ததும் மறைந்தது. தீர்க்கன் கண்டித்தது இதனையே.

இவ்வாய்வு நம் பிரசங்கத்திற்கு ஏன் வேண்டும்? 'தெரோர்' என்பதைக் கிரேக்கத் திருமறை 'அபெசிஸ்' என்று பெயர்த்தது. நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் இயேசு வாசித்ததாக லூக்கா 4:18 குறிக்கும் விடுதலையும், லூக்கா 24:47இல் வரும் பாவமன்னிப்பும் மூலத்தில் இந்த ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. தமிழில் அவை இரு சொற்களாகப் பிரிந்தன. சொல் பிரிந்ததில் குற்றமில்லை. ஆனால் நம் போதனையும் பிரிந்து, மன்னிப்பு ஆலயத்திற்கும் விடுதலை அரசியல் மேடைக்கும் உரியதாகிவிட்டது.

விடுதலை அடிமையின் ஏக்கத்தில் பிறந்தது என்ற பாட்டர்சனின் உண்மையை நன்றியுடன் ஏற்போம். அவ்வேக்கத்தைக் கேட்டவர் ஒருவர் உண்டென்று யாத்திராகமம் சாட்சி கூறுகிறது. அதை உரைப்பது ஆசிரியரின் பணியன்று, நம்முடையது. மன்னிப்பைப் பிரசங்கிக்கும் நாம், அச்சம் நீங்கிய மறுநாளும் பிறருடைய கட்டுகளை அவிழ்த்தே வைத்திருக்கிறோமா?