நோட்டைக் காட்டினால் தொகை சொல்லும் ‘மணி’: குழந்தைக்குப் பணம் கற்றுத்தர ஒரு நல்ல நடுவர்

ரிசர்வ் வங்கியின் ‘மணி’ செயலி பார்வை மாற்றுத்திறனாளிகளுக்காக உருவானது. ரூபாய் நோட்டைக் கேமரா முன் பிடித்தால் அது எத்தனை ரூபாய் என்று குரலில் சொல்லும். அதன் வேலை அவ்வளவுதான். சில வாரங்களாக எங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறோம். ஐந்து வயது மகள் நோட்டுகளை ஜோடி சேர்த்து விளையாடும்போது அதுதான் நடுவர். குழந்தைகளுக்குப் பணத்தைக் கற்றுத்தருவதாகச் சொல்லும் விளையாட்டுச் செயலிகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். ‘மணி’ அளவுக்கு வேறு எதுவும் உதவவில்லை.

முதலில் சுருக்கமாகச் சில விவரங்கள். ‘மொபைல் எய்டட் நோட் ஐடென்டிஃபையர்’ என்பது முழுப்பெயர். 2020 ஜனவரி 1 அன்று வெளியானது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசம். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும். பழைய மகாத்மா காந்தி வரிசை, 2016 முதல் வந்த புதிய வரிசை இரண்டையும் அடையாளம் காணும். முன்பக்கம், பின்பக்கம், பாதியாக மடித்த நோட்டு எதைக் காட்டினாலும் சரி. முதலில் இந்தி, ஆங்கிலம் மட்டும் இருந்தன. பிறகு சேர்ந்த மொழிகளில் தமிழும் உண்டு. கள்ள நோட்டா நல்ல நோட்டா என்று இது சொல்லாது. ரிசர்வ் வங்கியே அதைத் தெளிவாக அறிவித்திருக்கிறது.

தாம்பரத்தில் வளரும் குழந்தைக்கு இது எதற்கு? பணம் கை மாறுவதை அது பார்ப்பதே அரிதாகிவிட்டதால்தான். சண்முகம் சாலையில் கீரைக்கட்டு வாங்கினாலும் சேலையூரில் இளநீர் குடித்தாலும் அம்மாவோ அப்பாவோ போனை நீட்டுகிறார்கள். கடையிலுள்ள சின்னப் பெட்டி தொகையைச் சத்தமாக அறிவிக்கிறது. குழந்தைக்குப் பணம் என்பது வெறும் சத்தம். கொடுத்தால் குறையும், எண்ணினால் தீரும் என்பதை விரல்கள் உணர வாய்ப்பே இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கிவந்தே இதையெல்லாம் கற்றேன். இப்போது பெற்றோர் மெனக்கெட்டு உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

விளையாட்டு எளிமையானது. பாயில் நோட்டுகளைக் கலைத்துப் போட வேண்டும். ஒரே மதிப்புள்ளவற்றைக் குழந்தை ஜோடி சேர்க்க வேண்டும். பெரியவர்களுக்கு இதில் என்ன சிரமம் என்று தோன்றும். குழந்தையின் கண்ணால் பார்த்தால்தான் சிரமம் புரியும். எழுத்தும் எண்ணும் பழகாத குழந்தை நிறத்தையும் அளவையும் நம்புகிறது. நம் நோட்டுகள் அந்த இரண்டிலும் அதை ஏமாற்றுகின்றன. பழைய 50 ரூபாய் ஊதா. புதிய 100 ரூபாய் இளம் ஊதா. இரண்டையும் என் மகள் தயங்காமல் சேர்த்து வைத்தாள். பழைய 10 ரூபாய் நோட்டின் நீளம் 137 மில்லிமீட்டர். புதிய 50 ரூபாய் 135 மில்லிமீட்டர். நீளமானது பெரிய தொகை என்று நம்பும் குழந்தை பத்தை எடுத்துக்கொண்டு ஐம்பதை விட்டுவிடும்.

புதிய வரிசையை மட்டும் தனியே எடுத்தால் ஒழுங்கு தெரியும். 10 ரூபாய் 123, 20 ரூபாய் 129, 50 ரூபாய் 135, 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150 மில்லிமீட்டர். இடது ஓரத்தை ஒரே கோட்டில் வைத்து அடுக்கினால் படிக்கட்டு போல வலப்பக்கம் நீண்டுகொண்டே போகும். பின்பக்கப் படங்களும் குழந்தைக்குப் பிடித்துவிடுகின்றன: பத்தில் கோனார்க் தேர்ச்சக்கரம், ஐம்பதில் ஹம்பியின் கல்தேர், நூறில் குஜராத்தின் ராணி படிக்கிணறு. முதல் சுற்றுகளுக்குப் புதிய வரிசை மட்டும் போதும். அது பழகியபின் பழைய நோட்டுகளை உள்ளே விடலாம்.

அப்போதுதான் ‘மணி’யின் அருமை தெரிகிறது. ஊதா ஐம்பதையும் இளம் ஊதா நூறையும் சேர்த்து வைத்தவளிடம் “தப்பு” என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் காட்டினாள். ஒன்றுக்கு ஐம்பது என்றது, மற்றதற்கு நூறு என்றது. குரலில் கோபமில்லை, சலிப்பில்லை, பாராட்டும் இல்லை. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எண்ணைத் தேடினாள். 50, 100 என்று நோட்டில் அச்சாகியிருப்பது நிறத்தைவிட நம்பகமானது என்பதை அவளே கண்டுபிடித்தாள். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தச் செயலியை எல்லாப் பெற்றோருக்கும் பரிந்துரைப்பேன்.

குழந்தைகள் விடையை நோட்டில் தேடுவதைவிட நம் முகத்தில் தேடுவதே அதிகம். கை சரியான நோட்டை நெருங்கும்போது நம் புருவம் உயர்கிறது. அதைப் பார்த்துக் கை நிற்கிறது. விடை சரிதான், ஆனால் கற்றது எதுவுமில்லை. நடுவர் வேலையைப் போனிடம் கொடுத்துவிட்டால் நம் முகத்துக்கு அங்கே வேலையில்லை. குழந்தை நோட்டைத்தான் பார்த்தாக வேண்டும். இன்னொரு நன்மையும் உண்டு. நடுவரைச் சோதிக்கலாம். மடித்துக் காட்டுகிறாள், தலைகீழாகக் காட்டுகிறாள். எப்படிக் காட்டினாலும் ஐம்பது ஐம்பதுதான் என்று தெரியும்போது, மதிப்பு என்பது மாறாத ஒன்று என்ற பாடத்தைச் சொல்லாமலே கற்றுக்கொள்கிறாள்.

குழந்தைகளுக்கென்றே வரும் பண விளையாட்டுச் செயலிகள் மீது எனக்கு உண்மையான கோபம் உண்டு. எந்த ஒன்றின் பெயரையும் சொல்லப்போவதில்லை, குறை பொதுவானது. பலவற்றில் டாலரும் சென்ட்டும்தான். ரூபாய் இருந்தாலும் எல்லா நாணயமும் ஒரே அளவு வட்டம். எல்லா நோட்டும் ஒரே நீளம். நீளமும் எடையும் ஓரமும்தான் பணத்தின் முதல் மொழி. அதைத் துடைத்துவிட்டுத் தட்டையான படத்தைக் கொடுத்தால் குழந்தை எதைப் பிடித்துக் கற்கும்? சரியாகத் தொட்டவுடன் வாணவேடிக்கை, நட்சத்திர மழை, நடுவில் விளம்பரம். குழந்தையின் கவனம் பணத்தில் இல்லை, அடுத்த நட்சத்திரத்தில் இருக்கிறது. ‘மணி’ எதையும் பரிசாகத் தருவதில்லை. பணத்தைக் கற்க அந்த அடக்கம்தான் தேவை.

‘மணி’ செய்யாதது ஒன்று உண்டு: நாணயம். அது நோட்டுகளுக்கான செயலி. ஆனால் குழந்தையின் உலகம் நாணயத்தில்தான் தொடங்குகிறது; நம் நாணயங்களின் குழப்பமோ நோட்டுகளைவிடப் பெரியது. 2011 வரிசையில் 2 ரூபாயின் விட்டம் 25 மில்லிமீட்டர்; 5 ரூபாய் 23தான். பெரியது குறைவு, சிறியது அதிகம். அதற்கு முந்தைய 2007 வரிசையின் ஒரு ரூபாயும் அதே 25 மில்லிமீட்டர். கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒன்றையும் 2011இன் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். கண்ணைத் திறந்தால் அதே 2007 வரிசை குழந்தைக்கு நண்பனாகிவிடும். கட்டைவிரலை உயர்த்திய கை ஒரு ரூபாய், இரண்டு விரல் காட்டும் கை இரண்டு ரூபாய். எண் தெரியாத குழந்தையும் விரலை எண்ணிவிடும்.

இந்த அளவுக் குழப்பத்துக்கு நல்ல விடை 2019 மார்ச்சில் வந்த வரிசை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் துணையுடன், பார்வை மாற்றுத்திறனாளிகள் தடவியே அறியும்படி வடிவமைத்தது. தானியக் கதிர்ச் சித்திரத்தைக் கொண்டு அடையாளம் காணலாம். ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர், இரண்டு 23, ஐந்து 25, பத்து 27. மதிப்பு கூடக் கூட எடையும் கூடுகிறது: 3.09 கிராமில் தொடங்கி 20 ரூபாய் நாணயத்தில் 8.54 கிராம் வரை. இருபதும் பத்தும் ஒரே விட்டம்தான். ஆனால் இருபதுக்குப் பன்னிரண்டு முனைகள். வீட்டுச் சில்லறையிலிருந்து இவற்றைப் பொறுக்கி ஒரு துணிப்பையில் போடுங்கள். குழந்தை கையை விட்டு, பார்க்காமலே ஜோடியைத் தேடி எடுக்கட்டும். பையில் பொருள்களைப் போட்டுத் தொட்டறியச் செய்வது மாண்டிசோரி வகுப்புகளின் பழைய பயிற்சி. அந்த மரியா மாண்டிசோரியே 1939இல் அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். நம் ஊருக்கு இந்த முறை புதிதல்ல.

10 ரூபாய் நாணயத்துக்குத் தனிச் சுற்று வேண்டும். இது செல்லாது என்று கடைக்காரர்கள் மறுத்த காலம் தமிழ்நாட்டில் நீண்டது. அதுவரை வந்த பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவிக்க வேண்டியிருந்தது. விளக்கம் கேட்க 14440 என்ற இலவச எண்ணையும் வைத்தது. கிடைத்த வடிவங்களையெல்லாம் சேர்த்து, “இத்தனை முகம், எல்லாம் பத்துதான்” என்று ஜோடி சேர்க்க விடுங்கள். பெரியவர்களே தடுமாறிய பாடத்தைக் குழந்தை விளையாட்டாகவே தாண்டிவிடும். பழைய நாணயங்களுக்கு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: வாயில் போடும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் நாணயப் பையை எடுக்கவே வேண்டாம். விளையாட்டு முடிந்ததும் கையைக் கழுவ வைப்பதும் கட்டாயம்.

ஜோடி சேர்ப்பது பணத்தைப் புரிந்துகொள்வதில் முதல் படி மட்டுமே. ஐந்து ஒற்றை ரூபாயையும் ஒரு ஐந்து ரூபாயையும் காட்டி எது அதிகம் என்று கேட்டால், சின்னக் குழந்தை ஐந்து நாணயத்தைத்தான் கைகாட்டும். எண்ணிக்கைதான் அதற்கு மதிப்பு. அந்த இடத்தில் எந்தச் செயலியும் உதவாது. வெளியே போக வேண்டும். சாதாரண மாநகரப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு மின்சார ரயில் டிக்கெட்டும் 5 ரூபாய். ஐந்து ஒற்றை நாணயத்தை ஒருநாளும், ஒரே ஐந்து ரூபாயை இன்னொரு நாளும் கவுன்ட்டரில் குழந்தையே கொடுக்கட்டும். இரண்டுக்கும் அதே சீட்டுதான் வருகிறது என்பதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. நீல நிற அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டை 20 ரூபாய் நோட்டோடு ஜோடி சேர்ப்பதும் இதே பாடம்தான்.

பள்ளியில் சேரும் வயதுக் குழந்தை இருக்கும் வீடுகள் ‘மணி’யை இன்றே இறக்கிக்கொள்ளலாம். நல்ல வெளிச்சம், போனைச் சாய்த்து வைக்க இரண்டு தடித்த புத்தகம், பர்ஸிலிருக்கும் நோட்டு போதும், வேறு செலவில்லை. ரிசர்வ் வங்கியிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அடுத்த பதிப்பில் நாணயத்தையும் சேருங்கள். 1 ரூபாயையும் 2 ரூபாயையும் பிரித்தறிய முடியாமல் பேருந்தில் தடுமாறும் பார்வை மாற்றுத்திறனாளிக்கு அது முதலில் தேவை. அவருக்கு நன்றாகச் செய்யும் எதுவும் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருப்பவளுக்கும் நன்றாகவே இருக்கும் என்பதை இந்த வாரங்கள் எனக்கு உறுதிப்படுத்திவிட்டன.