சம்மதப் பத்திரமும் உடலின் உரிமையும்: ஹென்றியெற்றா லாக்ஸ் பற்றிய நூலொன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

றெபேக்கா ஸ்க்லூற் எழுதிய 'ஹென்றியெற்றா லாக்ஸின் அழியா வாழ்வு' (2010) என்னும் ஆங்கில நூல் மருத்துவ ஒழுக்கவியல் நூலாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. நோயாளியின் சம்மதமின்றி அவரது உடற்கலங்களை எடுத்து ஆராய்வது தகுமா என்ற வினாவை மாணவர் முன் வைப்பதற்கு அது வாய்ப்பானதோர் எடுத்துக்காட்டாகியுள்ளது. ஆயின் அடிப்படையில் அது கதை கூறும் நூலாகும். யாருடைய கதையை யார் கூறுகின்றார், அக்கதை எவ்விடத்தில் தீர்வு காண்கின்றது என்பன இலக்கிய விமர்சனத்துக்குரிய வினாக்கள். அவற்றை எழுப்புமிடத்து, நூல் தன் மையமாகக் கொண்டுள்ள சம்மதம் என்ற கருத்தாக்கமே பரிசீலனைக்குரியதாகின்றது.

வரலாற்றுச் செய்திகள் பலரும் அறிந்தவையே. வேர்ஜினியாவின் புகையிலைத் தோட்டங்களில் உழைத்த கறுப்பினக் குடும்பமொன்றிலே 1920இல் பிறந்தவர் ஹென்றியெற்றா. கணவர் உருக்காலைத் தொழிலாளி. 1951இன் தொடக்கத்தில் பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், கறுப்பினத்தவர்க்கென ஒதுக்கப்பட்ட பகுதியில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். அப்பொழுது எடுக்கப்பட்ட திசு ஜோர்ஜ் கையின் ஆய்வுகூடத்தை அடைந்தது. அக்கலங்கள் ஓயாது பெருகின. ஹென்றியெற்றா அவ்வாண்டு ஒக்ரோபர் 4ஆம் திகதி, தமது 31ஆவது வயதில் இறந்தார். 'ஹீலா' எனப் பெயரிடப்பட்ட கலங்கள் போலியோத் தடுப்பு மருந்தின் சோதனை முதலாக எண்ணற்ற ஆய்வுகளுக்குப் பயன்பட்டன. பின்னர் விற்பனைப் பண்டமுமாயின. அவருடைய பிள்ளைகளோ மருத்துவக் காப்புறுதிக்கும் வசதியற்றிருந்தனர்.

இங்கு ஒரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. ஹென்றியெற்றா எதிலும் ஒப்பமிடவில்லை என்று பொதுவாக எண்ணப்படுகின்றது. உண்மை அதுவன்று. சிகிச்சைக்கு முன்னர் அறுவைச் சிகிச்சை அனுமதிப் பத்திரமொன்றில் அவர் ஒப்பமிட்டார். நூலாசிரியரே அதனை எடுத்துக்காட்டுகின்றார். தேவையெனக் கருதப்படும் எச்சிகிச்சையையும் செய்ய அது வைத்தியசாலைக்கு இடமளித்தது. திசுவைப் பற்றி அதில் எதுவுமில்லை. எனவே அவரிடம் பத்திரம் இருந்தது, தெரிவுதான் இருக்கவில்லை. கட்டணஞ் செலுத்த இயலாத கறுப்பினப் பெண்ணொருத்திக்கு அந்நாளில் வேறெந்தக் கதவு திறந்திருந்தது? ஒப்பமிட மறுத்திருப்பின் அவர் எங்கு போயிருப்பார்? 'முன்கூட்டிக் கேட்டிருக்கலாம்' எனும் விமர்சகர் இவ்வினாவைக் கேட்பதில்லை.

மார்க்ஸ் 'மூலதனம்' முதற்றொகுதியிலே (1867) கூலி ஒப்பந்தத்தை ஆராய்ந்த முறை இங்கு துணைபுரியும். சந்தையில் வாங்குபவனும் விற்பவனும் சட்டத்தின் முன் சுதந்திரமானவர்களாகவும் சமமானவர்களாகவும் தோன்றுகின்றனர். ஒருவன் கையில் உற்பத்திச் சாதனங்களும் மற்றவன் கையில் தன் உடலும் மட்டுமேயிருப்பதை ஒப்பந்தத்தின் வாசகம் வெளிக்காட்டுவதில்லை. சம்மதப் பத்திரமும் இவ்வகையினதே. ஆயினும் இவ்வொப்புமையை இயந்திரப் பாங்கில் நீட்டுதல் தவறு. ஹென்றியெற்றாவின் கலங்கள் அவருடைய உழைப்பின் விளைவல்ல. அவற்றை வளர்த்துப் பேணியவர்கள் ஆய்வுகூட உதவியாளர்கள்; ரஸ்கீகி நிறுவனத்தில் 1950களில் அவற்றைப் பெருந்தொகையாக வளர்த்தனுப்பியோருள் கறுப்பினத் தொழில்நுட்பவியலாளரும் இருந்தனர். ஆதலால் இது உபரி மதிப்புச் சுரண்டலினும் மூலதனத்தின் ஆதித் திரட்டலையே பெரிதும் ஒத்தது. பொது நிலம் வேலியிடப்பட்டவாறு உடலும் வேலியிடப்பட்டது.

ஸ்க்லூற்றின் நூலில் இடம்பெறும் ஜோன் மூரின் வழக்கு இதனைத் தெளிவாக்கும். 1976இல் அவரது மண்ணீரல் அகற்றப்பட்டது. அதன் கலங்களிலிருந்து பெறப்பட்ட கலவரிசைக்கு 1984இல் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இடையில், 1983இல், உரிமைகளை விட்டுக்கொடுக்கும் பத்திரமொன்று அவரிடம் நீட்டப்பட்டபோது மூர் மறுப்பையே குறித்தார். தவறுதலாகக் குறித்துவிட்டீரோ என்று மருத்துவர் அவரைக் கேட்டார். சம்மதமென்பது ஒரே விடையை எதிர்பார்க்கும் வினா என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1990இல் கலிபோர்னிய உயர்நீதிமன்றம், தம் பொருள்நலனை மருத்துவர் வெளிப்படுத்தியிருக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. வெட்டியெடுக்கப்பட்ட கலங்களில் மூருக்கு உடைமையுரிமை உண்டென்பதை ஏற்கவில்லை. உடைமையுரிமை ஆராய்ச்சிக்குத் தடையாகும் என்பது அதன் கவலை. ஆக்கவுரிமையும் ஓர் உடைமையே என்பது அதற்கு இடராகத் தோன்றவில்லை.

பரம்பரையலகுத் தகவல் (மரபணுத் தகவல் என்றுங் கூறுவர்) இச்சிக்கலை மேலும் ஆழமாக்குகின்றது. ஏனைய கலங்கள் ஹீலாக் கலங்களால் மாசுற்றமையை அறியும் பொருட்டு, 1973இல் லாக்ஸ் குடும்பத்தினரை ஆய்வாளர் தேடி வந்து குருதி எடுத்தனர். தம்மையும் புற்றுநோய் பிடித்துள்ளதா எனச் சோதிக்கின்றனரென்றே அவர்கள் கருதினர். மகள் டெபோறா சோதனை முடிவுக்காக அஞ்சிக் காத்திருக்கும் பகுதி நூலிலே மிகுந்த வலிமையுடையது. அம்முடிவு அவருக்கு வரவில்லை. 1976இல் ஆய்வேடொன்றில் வெளிவந்தது. ஒருவரின் பரம்பரையலகுகள் அவருக்கு மட்டும் உரியவையல்ல. தாயினுடையதை வெளியிடுதல் பிள்ளைகளினதும் பேரப்பிள்ளைகளினதும் பகுதியை வெளியிடுதலாகும். தனியாளின் ஒப்பம் எத்தனை தெளிவாக விளக்கப்பட்டுப் பெறப்பட்டாலும் இவ்விடத்தில் பயனற்றுப்போகின்றது. 2013 மார்ச்சில் ஜேர்மனிய ஆய்வாளர் ஹீலாவின் முழுப் பரம்பரையலகுத் தொகுதியை வெளியிட்டபோது எழுந்த எதிர்ப்பும் இதுவே. அவர்கள் அதனை மீட்டுக்கொண்டனர். அவ்வாண்டு ஓகஸ்ட்டில், தகவலைக் கோருவோரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்தினர் இருவர் இடம்பெற அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் உடன்பட்டது. பணப் பங்கு எதுவும் அதிலில்லை.

இவ்வளவையும் அறிந்த ஆசிரியர் இறுதியில் எங்கு வந்து நிற்கின்றார்? பதினாறு வயதில் வகுப்பறையொன்றில் ஹென்றியெற்றாவின் பெயரைக் கேட்ட வெள்ளையின மாணவி, ஐயுறவு கொண்ட குடும்பத்தின் நம்பிக்கையைப் படிப்படியாக வெல்லும் கதையாகவே நூல் அமைகின்றது. கேட்கப்படாதிருந்தவர்கள் கேட்கப்படுகின்றனர், காயம் ஆறுகின்றது. சமூக முரண்பாடு மனிதவுறவின் இணக்கமாக மாற்றப்படுகின்றது. ஒரு கட்டத்தில் தாயின் மருத்துவப் பதிவேடுகளைக் காட்டுவதா மறைப்பதா என்று தத்தளிக்கும் டெபோறா, ஆசிரியரைச் சுவரோடு தள்ளி நிறுத்துகின்றார். குடும்பத்தின் அனுமதியின்றி அப்பதிவேடுகளை முன்னர் வெளியிட்ட எழுத்தாளரைக் கண்டிக்கும் இந்நூலும் அவற்றையே பயன்படுத்துகின்றது. அனுமதியுடன் என்பதே வேறுபாடு. அவ்வேறுபாடு அற்பமானதன்று. ஆயினும் டெபோறாவின் அச்சம் அனுமதி பற்றியது மட்டுமன்றென்பதை அக்காட்சியே காட்டிவிடுகின்றது.

எனினும் தாராண்மைவாத உருக்கம் என்று இந்நூலை ஒதுக்கிவிடும் நம்மவர் சிலருடன் நான் உடன்படேன். 1888இல் மாக்ரற் ஹாக்னெசுக்கு எழுதிய கடிதத்திலே, ஆசிரியரின் கருத்துகளையும் மீறி யதார்த்தவாதம் வெளிப்படலாமென்று எங்கெல்ஸ் பல்சாக்கை முன்வைத்துக் கூறினார். ஸ்க்லூற் தேடிச் சேர்த்த செய்திகள் அவருடைய முடிவுரையை விஞ்சி நிற்கின்றன. ஆய்வுகூடத்தில் உறைந்த சிமிழைக் கையில் வாங்கிய டெபோறா, தாய்க்குக் குளிர்கின்றதென்று அதனை ஊதிச் சூடேற்றுங் காட்சியில் தாய், நோயாளி, பண்டம் ஆகிய மூன்றும் ஒன்றாகின்றன. எந்தப் பத்திரத்தின் வாசகமும் அதனைப் பிரித்துக் காட்டவியலாது.

நூல் வெளிவந்தபின் நிகழ்ந்தவை சம்மதத்தின் எல்லையை மேலும் வெளிப்படுத்தியுள்ளன. உமிழ்நீர் பெற்றுப் பரம்பரையலகுச் சோதனை செய்த 'ருவென்ரித்திரீ அன்மீ' கும்பனிக்கு ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் தாமே பணங்கொடுத்துத் தம் தகவலை அளித்தனர். 2018இல் மருந்துற்பத்தி நிறுவனமொன்று 30 கோடி டொலரை அதில் முதலிட்டது. 2025 மார்ச்சில் கும்பனி வங்குரோத்து நடவடிக்கைக்குச் சென்றபோது அத்தகவல் விற்பனைக்குரிய சொத்தாயிற்று. அத்தகைய கைமாற்றத்துக்கு இடமளிக்கும் வாசகம் முன்னரே அதன் விதிகளில் இருந்தது. இவ்விடத்தில் கேட்கப்படாதோர் என்று எவரையும் கூறவியலாது. உமிழ்நீர் கொடாத உடன்பிறந்தாரைத் தவிர.

இதற்குத் தனியாளின் உடைமையுரிமை மாற்றாகாது. ஒவ்வொருவரையும் தம்முடலின் சிறுவணிகராக்குவதே அதன் விளைவு. அரிசோனாவின் ஹவசுபாய் பழங்குடியினரின் அனுபவம் வேறொரு திசையைக் காட்டும். நீரிழிவு ஆய்வுக்கென எண்ணி 1990 முதல் அவர்கள் கொடுத்த குருதி, மனநோய், இனக்குழுவின் குடிப்பெயர்வு முதலியவற்றை ஆராயவும் பயன்படுத்தப்பட்டது. விரிவான வாசகமுடைய பத்திரத்தில் அவர்கள் ஒப்பமிட்டிருந்தமையே பல்கலைக்கழகத்தின் தரப்புக்கு வலுவாயிருந்தது. தம் மூதாதையர் வேறிடத்திலிருந்து வந்தோரென்ற ஆய்வு அவர்களது தோற்றக் கதையையும், அதன்வழி நிலத்தின் மீதான பிணைப்பையும் தொட்டது. அவர்கள் தனித்தனி நோயாளராயன்றி ஓர் இனக்குழுவாக எழுந்தனர். 2010இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி 700,000 டொலர் வழங்கப்பட்டதுடன், எஞ்சிய குருதி மாதிரிகளும் அம்மக்களிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டன.