மாமன் வீட்டு மாடி

"அந்தப் புள்ள மாசம் எவ்வளவு வாடகை குடுத்துச்சு?"

சவூதியின் ஜுபைலில், தொழிலாளர் கேம்ப்பில் என் எதிர்க்கட்டில்காரர் கேட்டார். ராமநாதபுரம் பக்கத்து பைப் ஃபிட்டர். சத்தோஷி யாகிசாவாவின் 'டேஸ் அட் த மொரிசாகி புக்‌ஷாப்' நாவலை ராத்திரிகளில் அவருக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாடகை கிடையாது அண்ணே, மாமா வீடு என்றேன். "அம்மா கூடப் பொறந்தவரா?" ஆமாம், அம்மாவின் தம்பி என்றேன். "அப்புறம் குணமாகாம என்ன செய்யும், தம்பி" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

அந்த நாவலைப் பற்றி நான் படித்த பாராட்டுரைகளில் ஒன்றுகூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. புத்தகங்கள் மனிதரைக் குணப்படுத்தும், பழைய காகித வாசனை மருந்து என்கிற ரீதியிலேயே எல்லாம் எழுதப்பட்டிருந்தன. வாடகையைப் பற்றிக் கேட்டவர் பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவர். நாவலின் அஸ்திவாரம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

கதை சிறியது. தக்காகோவுக்கு வயது 25. ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் காதலன் ஹிதேயாகி, தனக்கு வேறொருத்தியோடு கல்யாணம் என்று சாதாரணமாகச் சொல்கிறான். அவள் வேலையை விடுகிறாள். தோக்கியோவின் ஜிம்போச்சோ பகுதியில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் மாமா சத்தோரு, கடையின் மாடி அறையில் வந்து இருக்கச் சொல்கிறார். போகிறாள், நாள் கணக்கில் தூங்குகிறாள். தூக்கம் வராத ஓர் இரவில் கைக்கு அகப்பட்ட ஒரு புத்தகத்தை எடுக்கிறாள். முரோ சைசெய் எழுதியது. விடியும்வரை படிக்கிறாள். அதன்பின் மெல்லத் தேறுகிறாள். ஜப்பானில் 2010இல் வந்த இந்த நூல் சியோதா இலக்கியப் பரிசு பெற்றது, அதே ஆண்டு சினிமாவாகவும் ஆனது. எரிக் ஒசாவாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் வந்த பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது.

ஜிம்போச்சோ கற்பனை ஊரல்ல. 1913 தீவிபத்தில் அது அடங்கிய கான்தா வட்டாரம் எரிந்தது. அதே ஆண்டு இவானாமி ஷிகேயோ அங்கே ஒரு பழைய புத்தகக் கடை திறந்தார். மறு ஆண்டு நாவலாசிரியர் சோசெகியின் 'கொக்கோரோ'வைப் பதிப்பித்தார். அங்குள்ள யாசுகுனி சாலையில் பெரும்பாலான கடைகள் தென்புறத்தில், வடக்குப் பார்த்து நிற்கின்றன. வெயில் பட்டால் புத்தகம் கெடும் என்பதால். நமது சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது அதன் பழைய புத்தகக்காரர்களுக்கு அப்படி ஒரு தெரு அமையவில்லை என்பதை இங்கே முணுமுணுத்துவிட்டுப் போகிறேன்.

இந்த நாவல் போன்ற ஆறுதல் எழுத்துக்கு ஜப்பானில் 'இயாஷி' என்று பெயர், குணமாக்குதல் என்று பொருள். 1995இல் கோபே நிலநடுக்கமும் தோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுத் தாக்குதலும் நடந்த பிறகு அந்தச் சொல் அங்கே எங்கும் பரவியது. இப்போது கடை, காபி, பூனை மூன்றும் அட்டையில் இருந்தால் இந்த வகை என்று புரிந்துகொள்ளலாம்.

இதன் மீது சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டு, இது வலிநிவாரணி என்பது: வாசகனைத் தட்டிக்கொடுத்து மறுநாள் அதே வேலைக்கு அனுப்பிவிடுகிறது என்பார்கள். என்னிடம் இதற்குச் சாட்சியம் உண்டு, ஆனால் அது எந்தப் பக்கத்துச் சாட்சியம் என்பதில்தான் குழப்பம். சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12 முதல் 3 மணி வரை, நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது விதி. ஆலைப் பராமரிப்புக்கான ஷட்டவுன் நேரத்தில் அந்த மூன்று மணி நேரம் போர்ட்டா கேபினில் ஆளாளுக்கு ஒரு மூலையில் சாய்வோம். நான் இந்த நாவலைப் படித்தது அங்கேதான். தக்காகோ தூங்கிக்கொண்டே இருக்கும் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கும் சேர்த்து அவள் தூங்கினாள். மூன்று மணிக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன், குழாய்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

இது குற்றமா? மூன்று மணித் தேநீரும் இதைத்தான் செய்கிறது. தொழிலாளர் சட்டத்தைத் திருத்தவில்லையே என்று தேநீரை யாரும் கோபிப்பதில்லை. ஆக, ஆறுதல் தருவதே ஒரு நாவலின் பிழை என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். வளைகுடாவைப் பற்றிய எழுத்தென்றால் வலியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. பென்யாமினின் 'ஆடு ஜீவித'மும் மீரான் மைதீனின் 'அஜ்னபி'யும் அவசியமானவை. அதற்காக இங்கிருப்பவன் எந்நேரமும் தன் புண்ணையே படிக்க வேண்டுமா?

நாவல் தேநீராக மட்டும் இருந்திருந்தால் இத்தோடு விட்டிருப்பேன். அது தன்னைப் பற்றி அதிகம் சொல்லிக்கொள்கிறது. புத்தகங்கள் தக்காகோவைக் காப்பாற்றின என்கிறது. அதன் பக்கங்களிலேயே தேடினால் இதற்கு ஆதாரம் குறைவு. முரோ சைசெய் அவள் கைக்கு வருவதற்கு முன்பே மூன்று காரியங்கள் நடந்துவிட்டன: இலவசமாக ஓர் அறை, நாள் கணக்கில் தூக்கம், ஏன் எதற்கு என்று துருவாத ஒரு மனிதர். புத்தகம் நான்காவதாகத்தான் வருகிறது. முதல் மூன்றும் இல்லாமல் அந்த நான்காவது நடந்திருக்காது. அதிர்ச்சியில் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு அவளால் மாடியில் போய்ப் படுத்துக்கொள்ள முடிந்தது. இங்கே இக்காமா என்ற வசிப்பு அனுமதி வேலையோடு கட்டப்பட்டது. 2021 மார்ச் சீர்திருத்தத்துக்குப் பின் சில நிபந்தனைகளோடு முதலாளியை மாற்றிக்கொள்ளலாம், உண்மை. ஆனால் சும்மா படுத்திருப்பதற்கு விசா கிடையாது.

நாவலின் ஆகச்சிறந்த காட்சியிலும் புத்தகத்துக்குப் பங்கில்லை. நடந்ததை மருமகள் ஒருவழியாகச் சொன்னதும், அந்த மெலிந்த, சாதுவான மாமா இரவோடு இரவாக அவளை அழைத்துக்கொண்டு ஹிதேயாகியின் வீட்டுக்கே போய் நிற்கிறார். மென்மை என்று விளம்பரமாகும் நாவலில் கொஞ்சமும் மென்மையில்லாத இடம் இது. அங்கேதான் தக்காகோ முதல்முறையாக வாயைத் திறந்து தன் மனத்தில் இருந்ததைச் சொல்கிறாள். காதுகுத்து முதல் கல்யாணம் வரை தாய்மாமன் முறைமை பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீர் செய்வது மட்டுமல்ல, அக்காள் மகளுக்காகத் தெருவில் இறங்குவதும் மாமன் வேலை. புத்தகக் கடைக் கதை என்ற அட்டைக்குள் இருப்பது ஒரு தாய்மாமன் கதை.

இப்படிப் படித்தால் இரண்டாம் பகுதி ஏன் தளர்கிறது என்பதும் விளங்குகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் சொல்லாமல் போன மாமி மொமொக்கோ திரும்பி வருகிறாள். ஏன் போனாள் என்பது, அவளும் தக்காகோவும் மலைக்குப் போகும் பயணத்தில் வெளிப்படுகிறது. காரணம் கனமானது. அதை ஆசிரியர் ஓர் இரவுப் பேச்சில் இறக்கிவைத்துவிட்டு எல்லோரையும் சமாதானத்துக்கு அவசரப்படுத்துகிறார். ஐந்து வருடம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த கணவனின் கோபம் எங்கே போயிற்று? ஒரு குடும்பத்துக்குள் பொறுப்பும் மனக்கசப்பும் சேர்ந்தேதான் வரும். முதல் பகுதியில் பொறுப்பைக் காட்டத் துணிந்தவர், இரண்டாவதில் கசப்புக்கு அஞ்சிவிட்டார்.

மென்மையாக எழுதுகிறவர் அஞ்சத்தான் வேண்டும் என்றில்லை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் குரல் உயரும் இடங்கள் மிகக் குறைவு. சாகத் துணிந்த ஜமுனாவை டீச்சரம்மா தேற்றுகிறாள். அறையோ பணமோ தரவில்லை. தன் கல்யாணம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்கிறாள், அவ்வளவுதான். சொல்வதற்கு அவளுக்கு ஆகும் செலவு நமக்குத் தெரிகிறது. தெருவில் தண்ணீர்ப் பஞ்சம் அப்படியே இருக்கிறது. அங்கே கிடைக்கும் ஆறுதலில் தள்ளுபடி எதுவும் இல்லை. யாகிசாவா அந்த உயரத்தைத் தொடவில்லை என்பதைவிட, தொடும் தூரம்வரை வந்துவிட்டுத் திரும்பினார் என்பதே என் குறை.

இவருடைய கூட்டத்தாரில் மிச்சிகோ அயோயாமாவின் நூலகக் கதை வேலையைப் பற்றிக் கூடுதல் நேர்மையுடையது. துணிக்கடை விற்பனைப் பெண் முதல் ஓய்வுபெற்ற 65 வயதுக்காரர் வரை ஐந்து பேர் அதில் பிழைப்பைப் பற்றியே யோசிக்கிறார்கள். கவாகுச்சியின் காபிக் கதைகளில் விதிகளை வைத்து விளையாடும் சாமர்த்தியம் உண்டு. மனிதர்கள் வாடிக்கையாளர்களாக வந்து அழுதுவிட்டுப் போகிறார்கள். பின்னால் வந்த பலர் யாகிசாவாவிடமிருந்து கடையை எடுத்துக்கொண்டு மாமாவை விட்டுவிட்டார்கள்.

என் தீர்ப்பு இது: முதல் பகுதி தனியாக நிற்கக்கூடிய நல்ல குறுநாவல். ஆங்கிலத்தில் படிப்பவர்கள் தயங்காமல் படிக்கலாம். இரண்டாம் பகுதி பாதி வெந்தது. புத்தகம் காப்பாற்றும் என்ற அதன் கோஷத்தை நம்ப வேண்டாம்.

எதிர்க்கட்டில்காரரிடம் இரண்டாம் பகுதியையும் சொல்லி முடித்தேன். போன மாதம் ஊரிலிருந்து புதிதாக வந்த பையனைத் தன் கீழ்க்கட்டிலில் படுக்கவிட்டு மேல்கட்டிலுக்கு ஏறிக்கொண்டவர் அவர். பையன் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மெஸ்ஸிலிருந்து சாப்பாட்டைக் கட்டி வந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டிருந்தார். மாமி திரும்பி வந்ததைக் கேட்டதும், "மாமா ஒரு வார்த்தைகூடத் திட்டலியா?" என்றார். இல்லை என்றேன்.

"அது பொய்யி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.