பழைய மர்ம நாவலைக் கையில் திணிப்பவர்கள்

சுஜாதாவின் ‘கொலையுதிர் கால’த்தை யாரும் யாருக்கும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. அது தானே போய்ச் சேர்ந்துவிடும். ‘பொன்னியின் செல்வ’னைப் பற்றிப் பேச்சே வேண்டாம். சிபாரிசு தேவைப்படுவது, இவற்றுக்கு முன்னும் பக்கத்திலும் எழுதப்பட்டு இன்று பெயரளவில் மிஞ்சியிருக்கும் துப்பறியும் கதைகளுக்கும் சரித்திரக் கதைகளுக்கும்தான். வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு, தமிழ்வாணன், அரு.ராமநாதன்... புத்தகக் கண்காட்சி நெருங்கும்போதெல்லாம் இவர்களில் ஒருவரை முன்வைத்து, “இதையெல்லாம் ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை?” என்று ஆதங்கப்படும் குரல் ஒன்று கேட்கும். எனக்கு அந்தக் குரல் பிடிக்கும். ஆனால் அது சொல்வதில் பாதியை நம்ப முடிவதில்லை.

முதல் சந்தேகம், கண்டுகொள்ளாதவர்கள் யார் என்பதில். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908-இல் வந்தது. 1935-இலும் 1951-இலும் படமாயிற்று. வடுவூராரின் ‘மேனகா’வை டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினார்கள். அதுவே 1935-இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் படமாகி, என்.எஸ்.கிருஷ்ணனைத் திரைக்குக் கொண்டுவந்தது. ‘கும்பகோணம் வக்கீ’லை மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் ‘திகம்பர சாமியார்’ ஆக்கியபோது, எம்.என்.நம்பியார் விதவிதமான வேஷங்களில் துப்பறிந்தார். வை.மு.கோதைநாயகி கையில் ‘ஜகன்மோகினி’ என்ற சொந்தப் பத்திரிகையே இருந்தது. எழுதிய நாவல்கள் 115. இவர்களையா வாசகர் கவனிக்கவில்லை? வாசகர் கூட்டம் கூட்டமாகப் படித்தார். ஒதுக்கியவர்கள் ‘மணிக்கொடி’ இதழைச் சேர்ந்த இலக்கியக்காரர்களும் அவர்கள் வழிவந்த விமர்சகர்களும். ஒதுக்கியதில் நியாயமும் இருந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘புறக்கணிக்கப்பட்ட பொக்கிஷம்’ என்று பரிந்துரைப்பவர், புத்தகத்துக்குப் பதிலாக ஓர் அனுதாபத்தைக் கையில் கொடுக்கிறார்.

இரண்டாவது, சிபாரிசு செய்யப்படுவது பெரும்பாலும் புத்தகம் அல்ல. அதைப் படித்த வயது. தொடர்கதையாக வந்தவற்றில் இது இன்னும் கூடுதல். வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தது, வீட்டில் யார் முதலில் படிப்பது என்ற சண்டை, ஓவியரின் கோடுகள், கிழித்து பைண்டு செய்துவைத்த தாள்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த அனுபவம். இன்று மொத்தமாக அச்சிட்டு விற்கும் தடித்த தொகுதியில் அந்த ஒரு வார இடைவெளி கிடையாது. வாசகரைத் தக்கவைக்க அத்தியாயக் கடைசியில் வைத்த ‘திடுக்’, அடுத்த பக்கத்திலேயே அவிழும்போது சிரிப்புதான் வருகிறது.

தமிழ்வாணனின் சங்கர்லாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓயாமல் தேநீர் குடிக்கும் அந்தத் துப்பறிவாளர் பெர்லினுக்கும் டோக்கியோவுக்கும் விமானம் ஏறியபோது, வாசகர்களில் பலர் விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருந்தார்கள். இன்று அந்த ஊர் வருணனைகள் சப்பென்று இருக்கின்றன. குற்றவாளி யார் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. இதைச் சொல்லிவிட்டு அந்த நடையைக் காட்டலாம்: குட்டிக் குட்டி வாக்கியங்கள், பிறமொழிக் கலப்பைத் தவிர்க்கும் பிடிவாதம், ஒரு முறை படித்தாலே புரிகிற தெளிவு. ஆங்கில வழிப் பள்ளியில் படித்துத் தமிழை எழுத்துக்கூட்டும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு சங்கர்லாலைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தோன்றவில்லை. நாற்பது வயது மர்ம நாவல் ரசிகருக்கு நிச்சயமாக வேண்டாம்.

‘மேனகா’ இன்னும் சிக்கலான விஷயம். கதையை இரண்டு வரியில் சொன்னால் மலிவாகத் தெரியும். வராகசாமியின் விதவைச் சகோதரிகள், சாமாவையர் என்ற தரகரோடு சேர்ந்து, வீட்டு மருமகளையே பணத்துக்காக நைனா முகம்மது மரக்காயர் என்ற செல்வரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அவளைக் காப்பாற்றுவது அந்த மரக்காயரின் மனைவி நூர்ஜஹான். இதில் என்னைப் பிடித்துவைப்பது மர்மம் அல்ல, நாத்தனார்களின் பேச்சு. அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையில், ஒரு பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டாதவளாக்கும் அந்தக் குத்தல், ஜாடை, போலிக் கரிசனம் எல்லாவற்றையும் வடுவூரார் காதால் கேட்டு எழுதியிருக்கிறார். அக்கிரகாரத்துப் பேச்சுமொழியை அந்தக் காலத்திலேயே இவ்வளவு தாராளமாக, இவ்வளவு விஷத்தோடு பயன்படுத்தியவர் குறைவு. பிறகு ஆசிரியர் குறுக்கே வந்து கற்பைப் பற்றி உபந்நியாசம் தொடங்குவார், பக்கங்கள் நகராது. கெட்ட எண்ணம் கொண்டவரை எந்தச் சமூகத்திலிருந்து தேர்ந்தெடுக்கிறார் என்பதும் இன்று உறுத்தும்; அதே வீட்டின் பெண்ணை நல்லவளாகப் படைத்தது அந்த உறுத்தலைத் தீர்ப்பதில்லை, சற்றுக் கலங்கவைக்கிறது, அவ்வளவுதான். இவ்வளவையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பரிந்துரை. ‘நூறு வருஷத்துக்கு முந்தைய த்ரில்லர்’ என்று மட்டும் சொன்னால், படிக்கப் போனவர் முதல் உபந்நியாசத்திலேயே மூடிவைத்துவிடுவார். அதன்பின் எந்தப் பழைய புத்தகத்தையும் தொடமாட்டார்.

ஆரணி குப்புசாமி முதலியார் விஷயத்தில் மறைக்கப்படுவது மூலம். அவர் கதைகளில் பல, ஆங்கிலத்தில் ரெயினால்ட்ஸ் போன்றவர்கள் எழுதிக் குவித்தவற்றின் தழுவல்கள். தழுவல் குற்றமில்லை. வேற்றூர்ப் பிரபுவை நம்மூர் ஜமீன்தாராக்குவதும் ஒரு கைவேலைதான். அதை ரசித்துப் படிக்கலாம். ஆனால் கதைப்பின்னலை வியந்து ‘என்ன கற்பனை!’ என்று முதலியார் கணக்கில் எழுதும்போது பரிந்துரை பொய்யாகிவிடுகிறது.

இதைவிட நுட்பமான பொய் ஒன்று உண்டு. ஸ்ரீரங்கத்தின் மீது டில்லிப் படை வந்தபோது அரங்கன் திருமேனி ஊர் ஊராகச் சென்ற வரலாற்றைச் சொல்லும் ‘திருவரங்கன் உலா’வை, பெரியவர்கள் பக்தியோடு பரிந்துரைப்பார்கள். எழுதியவர் ஸ்ரீவேணுகோபாலன். அவரேதான் புஷ்பா தங்கதுரை. சிவப்பு விளக்குப் பகுதியில் சிக்கிய பெண்ணின் கதையான ‘என் பெயர் கமலா’வும் அவர் எழுதியதுதான். ஒரு பெயர் பூஜையறை வரை வரும், இன்னொரு பெயர் தலையணைக்கு அடியில் இருக்கும். பரிந்துரைப்பவர்கள் இப்படிப் பாதி ஆளை மட்டும் எடுத்துவருவதில், ஒரு தொழில்முறை எழுத்தாளன் இரண்டு வாசகக் கூட்டங்களுக்கு இரண்டு கைகளால் எழுதிய சுவாரசியமே காணாமல் போகிறது. 2008-இல் பிளாஃப்ட் பதிப்பகம் ஆங்கிலத்தில் கொண்டுவந்த தமிழ் பல்ப் தொகுப்பு மறுபாதியை எடுத்துக்கொண்டது. மொழிபெயர்த்த பிரீதம் சக்ரவர்த்தி அந்த வாசிப்பு உலகத்தையும் விளக்கியிருந்தார்; ஆனாலும் பலரை இழுத்தது அட்டைப்பட வண்ணம்தான் என்று நினைக்கிறேன்.

எது மறுபதிப்பாகிறது என்பதை ரசனை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும் என்கிறது நம் சட்டம். 1942-இல் மறைந்த வடுவூரார் எப்போதோ பொதுவுடைமை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்; அச்சிடுகிறார்கள். முதலில் வெளிவந்த ஆண்டுகூட இல்லாத, முன்னுரையோ குறிப்போ இல்லாத பதிப்புகள் பல. பரிந்துரைப்பவர் அந்த முன்னுரையின் வேலையைச் செய்திருக்கலாம். விமர்சகர் க.நா.சு. ‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டபோது பட்டியல் போட்டு நிறுத்தவில்லை. புத்தகம் புத்தகமாகக் காரணம் சொன்னார். வணிக எழுத்தின் மீது அவருக்குத் துளியும் பரிவு கிடையாது. ஆனாலும் இந்த வகைப் புத்தகங்களுக்காக வாதாட வருபவர்கள் அவரிடமிருந்து கற்க வேண்டிய வித்தை அதுதான்.

சரி, என் பங்குக்கு ஒன்று: அரு.ராமநாதனின் ‘வீரபாண்டியன் மனைவி’. ‘காதல்’ என்ற பத்திரிகையில் தொடராக வந்தது; வீட்டுக் கூடத்தில் வைத்துப் படிக்கப் பலரும் கூசியிருக்கக்கூடிய பெயர். கல்கி, சாண்டில்யன் வரிசையில் இது பேசப்படாததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. மூன்றாம் குலோத்துங்கன் பாண்டியனை வென்று அவன் தேவியை வேளம் (சிறைபிடித்த பெண்களை வைக்கும் இடம்) ஏற்றியதாக மெய்க்கீர்த்தி பெருமை பேசுகிறது. அந்தப் பெருமைக்கு அடியில் நசுங்கிக் கிடப்பவளைத் தலைப்பிலேயே வைக்கிறது இந்த நாவல். கதையை ஆட்டிவைப்பது ஜனநாத கச்சிராயன் என்ற சோழர் தரப்பு ராஜதந்திரி. அவன் வாள் சுழற்றும் வீரனல்லன். எதிராளி அடுத்து எப்படி யோசிப்பான் என்று யோசிப்பவன். அவன் பேசும் இடங்களில் சரித்திரக் கதை மர்மக் கதையாக மாறிவிடுகிறது. நல்லவனா கெட்டவனா என்று ஆசிரியர் முத்திரை குத்தாமல் விட்டிருப்பது, இந்த வகை எழுத்தில் அபூர்வம்.

குறைகளையும் எழுதிவிடுகிறேன். மிக நீளம். பாத்திரங்கள் நாடக மேடையில் நிற்பதுபோல் மாறி மாறி வாதிடுவார்கள். காதல் காட்சிகளில் உணர்ச்சி வழியும். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டலாம், பாதகமில்லை. ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவனின் குறும்பை ரசித்தவர்களுக்கு இதில் அந்த இலகுத்தன்மை கிடைக்காது. அதில் வரும் மந்திரி அநிருத்தப் பிரம்மராயர் இன்னும் கொஞ்சம் நேரம் பேசியிருக்கக் கூடாதா என்று ஏங்கியவர்கள் முதல் பாகத்தை வாங்கிப் பார்க்கலாம்.